பத்தாண்டு வாக்கு

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனுக்கு வருகிறவர்கள் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்ப்பார்கள், பழம்பொருள் கடைகளில் விலை விசாரிப்பார்கள், திரும்பிவிடுவார்கள். அதே பகுதியில் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் இருப்பதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. 1957இல் தோன்றிய சங்கம் அது. மிளகின் முன்பேர வணிகம் பல்லாண்டுக் காலம் அங்கே நடந்தது. தரகர்கள் கூடி நின்று கூவிக் கூவி விலை சொல்வார்கள். பின்னாளில் அந்த வேலை கணினித் திரைக்கு மாறியது.

அந்தக் கூடத்தில் மிளகு மூட்டை ஏதும் கைமாறவில்லை. கைமாறியது வாக்கு. இன்ன மாதத்தில், இவ்வளவு எடை, எம்ஜி1 என்ற தரத்தில் தருகிறேன் என்ற வாக்கு. ஈரம் எவ்வளவு இருக்கலாம், தூசியும் பதரும் எவ்வளவு இருக்கலாம் என்று தரத்துக்கு வரையறை உண்டு. வயநாட்டில் விளைந்ததா, இடுக்கியில் விளைந்ததா, இந்த ஆண்டு மழை எப்படி என்ற கேள்விகள் எல்லாம் எம்ஜி1 என்ற பெயருக்குள் அடங்கிவிடும். வாங்குகிறவர் அதை நம்பிக் கப்பலில் இடம் பிடிக்கலாம், வெளிநாட்டுக்காரருக்கு விலை சொல்லலாம்.

பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் லினக்ஸை விளக்க இதைவிடப் பொருத்தமான வணிகம் எனக்குத் தெரியவில்லை. அங்கும் விற்பனையாவது வருங்காலம் பற்றிய வாக்குதான்.

லினக்ஸ் இலவசம் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அப்படியிருந்தும் ரெட் ஹேட் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வைத்தே வளர்ந்தது. 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியது. சும்மா கிடைக்கும் பொருளுக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

ரெட் ஹேட் முதலில் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிட்டுவந்தது. கணினி ஆர்வலர்களுக்கு அது கொண்டாட்டம். வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தாங்க முடியாத வேகம்: ஒரு பதிப்பில் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். 2002இல் வெளியான அட்வான்ஸ்டு சர்வர் 2.1 இந்த ஓட்டத்தை நிறுத்தியது. பெரும் பதிப்புகளுக்கு இடையே சில ஆண்டுகள் இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் நெடுங்காலப் பராமரிப்பு. இன்று ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் ஒரு பெரும் பதிப்பை நிறுவினால் 10 ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அந்தப் பத்தாண்டும் அதன்மேல் ஓடும் மென்பொருள் உடையாது என்பதும் வாக்கில் அடங்கும். ஜெர்மனியின் சூசேயும், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளும் இதே வகை வாக்கைத் தருகின்றன. சந்தா கட்டுகிறவர் வாங்குவது இந்தக் காலத்தைத்தான்.

வாக்கைச் சொல்வது எளிது. காப்பாற்ற எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை ஓர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. 2014 ஜூனில் வெளியான ரெட் ஹேட் 7, அதற்கு முந்தைய ஆண்டு வந்த 3.10 என்ற கெர்னலை எடுத்துக்கொண்டது. 2024 ஜூன் 30 அன்று அதன் பத்தாண்டு முடிந்தபோது வெளியுலகம் 6.9க்குப் போயிருந்தது. அந்தச் சர்வரிடம் உன் கெர்னல் எது என்று கேட்டால் அன்றும் 3.10 என்றே பதில் வரும். பெயர்தான் பழையது, உள்ளே ஆயிரக்கணக்கான திருத்தங்கள்.

இந்தத் தொழிலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பேக்போர்ட் என்று இதைச் சொல்வார்கள். புதிய கெர்னலில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திருத்தம் புதிய நிரலுக்காக எழுதியது. பழைய நிரலில் அந்த இடத்தைச் சுற்றியிருக்கும் செயற்கூறுகள் வேறு, தரவுக் கட்டமைப்புகள் வேறு. திருத்தத்தின் சாரத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய நிரலுக்கு ஏற்றபடி மறுபடி எழுத வேண்டும். புதிய வசதி எதுவும் கூடவே நுழைந்துவிடக் கூடாது. பழைய நடத்தை எதுவும் மாறிவிடக் கூடாது. அது பிழையாகவே இருந்தாலும், யாரோ ஒருவரின் மென்பொருள் அந்தப் பிழையை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம். புதிய வசதி எழுதுகிறவருக்குக் கிடைக்கும் புகழ் இந்த வேலைக்குக் கிடைப்பதில்லை. கணினித் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலைகளில் இது ஒன்று.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் வெளிப்பட்டது. இணையத்தில் கடவுச்சொற்களையும் அட்டை எண்களையும் மறைத்து அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஓர் எல்லைச் சோதனை விடுபட்டிருந்தது. எவரும் வெளியிலிருந்து கேட்டு, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையான பதிப்புகளில் இந்த ஓட்டை இருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் குழு 1.0.1ஜி என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. ஆனால் ரெட் ஹேட் 6.5, தன்னார்வலர்கள் பராமரிக்கும் டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தின் 7ஆம் பதிப்பு ஆகியவற்றின் பயனர்களுக்கு வந்தது பழைய 1.0.1இ பதிப்பேதான், விடுபட்ட அந்தச் சோதனை மட்டும் அதில் சேர்ந்திருந்தது. பெயரில் பதிப்பெண் மாறவில்லை, கடைசியிலுள்ள வெளியீட்டு எண் மட்டும் நகர்ந்தது. பதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு இந்தச் சர்வர் ஆபத்தில் இருக்கிறது என்று அலறும் தணிக்கைக் கருவிகள் இன்றும் உண்டு. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேலதிகாரிக்கு பேக்போர்ட் பாடம் நடத்த வேண்டியிருக்கும். ரெட் ஹேட் 5 வைத்திருந்தவர்களுக்கு அன்று வேலையே இல்லை. அவர்களிடம் இருந்த 0.9.8 பதிப்புக்கு அந்தப் பிழை எழுதப்படவே இல்லை.

பழமை காப்பாற்றியது இதோடு நிற்கவில்லை. 2024 மார்ச் 29 அன்று ஆந்த்ரேஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பணியாற்றுகிறவர் அவர். டெபியனின் இன்னும் நிலைபெறாத வளர்ச்சி வடிவத்தில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தபோது, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் அரை விநாடி தாமதிப்பதைக் கண்டார். அரை விநாடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்தால், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் கள்ளக் கதவு ஒன்று இருந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுக்கு மேல் பொறுமையாக நல்ல நிரல் கொடுத்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பிறகு அதைப் பொருத்தியிருந்தார். புத்தம் புதியது வேண்டும் என்கிறவர்களின் லினக்ஸ் வடிவங்களுக்குள் அந்தப் பதிப்புகள் போய்விட்டன. டெபியனின் நிலைத்த பதிப்பிலும் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸிலும் பழைய எக்ஸ்இசட் இருந்ததால் கதவு அங்கே எட்டவில்லை. அவ்விரண்டின்மேல் நிற்கும் சர்வர்கள் அப்படித் தப்பின.

இதைக் கேட்டுவிட்டுப் பழையது எல்லாம் பத்திரம் என்று முடிவுகட்டக் கூடாது. 2016 அக்டோபரில் வெளிவந்த டர்ட்டி கௌ என்ற கெர்னல் ஓட்டை 2007 முதல் அங்கேயே இருந்தது. பழையது புதியது பார்க்காமல் எல்லோரையும் பிடித்தது. திருத்தம் வந்துகொண்டே இருக்கும் பழமைதான் பாதுகாப்பு. திருத்தம் நின்றுபோன பழமை ஆபத்து. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும்.

ஓட்டையை அடைப்பது ஒரு பாதி, ஓட்டை வழியே நுழைந்தவனைத் தடுப்பது மறு பாதி. அந்தப் பூட்டுகளின் கதைக்கு வருவோம். யுனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்று தீர்மானிக்கிறவர் அதன் உரிமையாளர். ரூட் என்ற தலைமைப் பயனருக்குத் தடை கிடையாது. இதிலுள்ள பலவீனம் பெரிது: ரூட்டின் பேரில் ஓடும் ஒரு நிரலைத் திருடன் வசப்படுத்திவிட்டால் முழு வீடும் அவன் கையில். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் திறந்த மூலநிரலாக வெளியிட்ட எஸ்ஈலினக்ஸ் இதை மாற்றியது. ஒவ்வொரு செயலாக்கத்துக்கும், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு. எந்தச் சீட்டு எந்தச் சீட்டைத் தொடலாம் என்று ஒரு கொள்கை ஏடு. ஏட்டில் இல்லாதது எதுவும் நடக்காது; கேட்பவர் ரூட்டாக இருந்தாலும் சரி. இணையப் பக்கங்களை வழங்கும் நிரலுக்குள் ஒருவன் புகுந்துவிட்டான் என்றால், அந்த நிரலுக்குரிய பக்கங்களைப் படிக்கலாம், அவ்வளவுதான். பக்கத்து அடைவில் ஊழியர்களின் சம்பளக் கோப்பு எல்லோருக்கும் திறந்து கிடந்தாலும் கெர்னல் கையைத் தட்டிவிடும். 2005இல் ரெட் ஹேட் 4 வந்தபோது இது இயல்பாகவே இயங்கும்படி வந்தது. உபுண்டுவும் டெபியனும் இதே நோக்கில் ஆப்ஆர்மர் என்ற எளிய முறையைப் பயன்படுத்துகின்றன.

ஏதாவது ஒரு மென்பொருள் ஓடவில்லை என்றதும் எஸ்ஈலினக்ஸை அணைத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அணைக்கச் சொல்லும் அறிவுரை தாராளமாகவும் கிடைக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. எது மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்று தணிக்கைப் பதிவேட்டில் வரிக்கு வரி எழுதியிருக்கும். பெரும்பாலும் ஒரு கோப்பின் சீட்டைத் திருத்தினாலே போதும். அரை மணி நேரம் செலவழித்து அதைப் படிக்க மனமில்லாமல், பத்தாண்டுக்கான பூட்டைக் கழற்றி எறிவதை எப்படி நியாயப்படுத்துவது?

இவ்வளவு கட்டிக் காத்தாலும் கெர்னல் சில நேரம் விழுந்துவிடும். விழுந்தால் என்ன நடந்தது என்று அறிய வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அதில் பெங்களூரின் கை இருக்கிறது. நொறுங்கிய கெர்னலிடமே உன் நினைவகத்தை வட்டில் எழுது என்று சொல்வது ஆபத்தானது. எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று அதற்கே தெரியாது; எழுதப்போய் நல்ல தரவையும் அழித்துவிடலாம். ஐபிஎம்மின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த விவேக் கோயல் உள்ளிட்டோர் முன்னின்று உருவாக்கிய கேடம்ப் வேறு வழி கண்டது. சர்வர் எழும்பும்போதே நினைவகத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, அதில் இன்னொரு கெர்னலை ஏற்றி உறங்க வைத்துவிடுகிறார்கள். முதல் கெர்னல் நொறுங்கிய கணத்தில் கட்டுப்பாடு நேராக இரண்டாவதற்குத் தாவும். வன்பொருளை அணைத்து எழுப்புவதில்லை. அதனால் பழைய நினைவகம் அப்படியே இருக்கும். ஒதுக்கிய சிறு இடத்துக்குள் மட்டும் நடமாடும் இரண்டாவது கெர்னல், முதலாவதன் கடைசி நிலையை ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு, பிறகு இயந்திரத்தை மறுபடி தொடங்குகிறது. 2005இல் 2.6.13 கெர்னலில் இது சேர்ந்தது. மாதத்துக்கு ஒருமுறை விழும் சர்வரின் மர்மத்தை ஆராய்ச்சிக்கு உட்படுத்த முடிகிறதென்றால் அதற்கு இதுவே காரணம்.

அதே பெங்களூர் வட்டத்திலிருந்து வந்தவை வேறும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் எந்த இடத்திலும் ஒரு சோதனை முளையைச் செருகிப் பார்க்க உதவும் கேபுரோப்ஸில் அனந்த் மாவினகாயனஹள்ளியும் பிரசன்னா பஞ்சமுகியும் உழைத்தார்கள். ஒரு மென்பொருள் இவ்வளவு நினைவகத்துக்கு மேல் தின்னக் கூடாது என்று வரம்பு கட்டும் பகுதியை பல்பீர் சிங் எழுதினார். கூகுளின் பால் மெனாஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய சிகுரூப்ஸ் ஏற்பாட்டில் அது ஓர் அங்கம். இன்று மேகக் கணிமை, கன்டெய்னர் என்றெல்லாம் பேசப்படுவதன் அடியில் அந்த வரம்புகள் இருக்கின்றன.

பாதுகாப்புத் திருத்தம் வந்தால் சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டாமா? கெர்னல் விஷயத்தில் பல காலம் அதுதான் நிலை. 2008இல் எம்ஐடி மாணவர்களிடமிருந்து வந்த கேஸ்பிளைஸ் வேறு வழி காட்டியது. 2014இல் ரெட் ஹேட் கேபேட்சையும் சூசே கேகிராஃப்டையும் வெளியிட்டன. இரண்டுக்கும் பொதுவான அடிப்படை 2015இல் லினக்ஸ் 4.0இல் இடம்பெற்றது. தந்திரம் இதுதான்: கெர்னலின் பெரும்பாலான செயற்கூறுகளின் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஓட்டை உள்ள செயற்கூறின் தலைவாசலில், ‘இங்கே வராதே, அங்கே போ’ என்று புதிய செயற்கூறுக்கு வழி திருப்பிவிடுவார்கள். சிக்கல், அந்தக் கணத்தில் பழைய செயற்கூறுக்குள் பாதி வழியில் நிற்கும் வேலைகளால் வருகிறது. ஒவ்வொரு வேலையின் அடுக்கையும் பார்த்து, அது பழைய வழியிலிருந்து வெளியேறிய பிறகே புதிய வழிக்கு மாற்றுகிறார்கள். எல்லாத் திருத்தத்தையும் இப்படிப் போட முடியாது. தரவுக் கட்டமைப்பே மாறுகிறது என்றால் சர்வரை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

வாக்கு கொடுக்க நிறுவனம்தான் வேண்டுமா என்ற கேள்விக்கான பதிலும் கொச்சியில் கிடைக்கிறது. 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை, நகரின் கிழக்கே காக்கநாட்டு இன்ஃபோபார்க் பகுதியில் டெபியனின் ஆண்டு மாநாடு நடந்தது. டெபியன் தோன்றி 30 ஆண்டு நிறைந்த ஆண்டு அது. 35 நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டெபியனுக்கு முதலாளி கிடையாது. 64,000க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகளைத் தன்னார்வலர்கள் பகிர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு பதிப்பை நிலைத்தது என்று அறிவிக்கும் முன் பல மாதம் உறையவைத்துப் பிழை மட்டும் திருத்துகிறார்கள். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்புக்கு 2028 வரை ஐந்தாண்டு ஆதரவு. மாநாடு கேரளத்துக்கு வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் கணினிப் பாடத்தை லினக்ஸிலேயே நடத்துகின்றன. மாநில அரசின் கைட் நிறுவனம் அவற்றுக்குத் தரும் இயங்குதளம் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின்மேல் கட்டியது. அப்படிப் பள்ளியில் கற்ற தலைமுறைதான் இன்று இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கும் வயதில் இருக்கிறது.

நிறுவனத்தின் வாக்கு முறியவும் கூடும். 2012 டிசம்பரில் கொச்சியின் கிடங்குகளில் முன்பேர வணிகத்துக்காக வைத்திருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகச் சொல்லி உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் முத்திரை வைத்தார்கள். சான்றிதழ் பெற்ற சரக்கு அது. தரத்தை நம்பி வாங்கியவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். 2020 டிசம்பர் 8 அன்று லினக்ஸ் உலகிலும் அப்படி நின்றவர்கள் பலர். ரெட் ஹேட்டின் மூலநிரலிலிருந்து கட்டணமின்றிக் கிடைத்துவந்த சென்டோஸ், சிறு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள் ஆகியவற்றின் ஊன்றுகோலாக இருந்தது. அதன் 8ஆம் பதிப்பு 2029 வரை பராமரிக்கப்படும் என்று எதிர்பார்த்திருந்தவர்களிடம், 2021 டிசம்பர் 31 உடன் முடிகிறது என்று அறிவித்தார்கள்.

பணம் கட்டாதவர்கள் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தேதியைச் சொல்லிவிட்டு அதை முன்னுக்கு இழுப்பது, கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தவறு என்பதே என் கருத்து. ஏனென்றால் மக்கள் அந்தத் தேதியை வைத்துத்தான் தங்கள் வேலையைத் திட்டமிட்டார்கள். கட்டற்ற உரிமத்தின் பலம் இந்த இடத்தில்தான் வெளிப்பட்டது. மூலநிரல் கையில் இருந்ததால் வேறு ஆட்கள் அதே வாக்கை எடுத்துக்கொள்ள முடிந்தது. சென்டோஸை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர், மறைந்த சகா ராக்கி மெக்காவின் பெயரில் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். அல்மாலினக்ஸ் 2021 மார்ச்சிலேயே வந்துவிட்டது. 2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலநிரலைப் பொதுவில் வைக்கும் முறையை இறுக்கியபோதும் இவை நின்றுவிடவில்லை.

பத்தாண்டு வாக்கு இப்போது ஒரு குறிப்பிட்ட தேதியைத் தொடப்போகிறது. யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக எண்ணுகின்றன. 32 பிட் இடத்தில் அந்த எண்ணிக்கை இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07க்கு நிரம்பிவிடும். அடுத்த விநாடி கணினி 1901க்குப் போய்விடும். ரெட் ஹேட்டின் 8ஆம் பதிப்பு 2019இல் வந்தது, 9ஆம் பதிப்பு 2022இல், 10ஆம் பதிப்பு 2025இல். மூன்றாண்டு இடைவெளி தொடர்ந்தால் 2028இல் வரும் பதிப்பின் பத்தாண்டு அந்தக் காலையைத் தாண்டியாக வேண்டும். வேலை ஏற்கெனவே நடக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் ஆர்ம் கணினிகளுக்கான தன் பொதிகளை 64 பிட் நேரக் கணக்குக்கு மாற்றிவிட்டது. கோப்புகளின் தேதியை எழுதிவைக்கும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில், லினக்ஸ் 5.10 முதல் 2486ஆம் ஆண்டு வரை எண்ணும் பிக்டைம் வசதி உண்டு; ரெட் ஹேட் 9இல் புதிதாக உருவாக்கும் எக்ஸ்எஃப்எஸ் வட்டுகளில் அது தானாகவே இருக்கும். ரெட் ஹேட் 7இலோ 8இலோ உருவாக்கிய வட்டைக் கழற்றி அப்படியே புதிய சர்வரில் மாட்டியிருப்பவர்களுக்கு அது தானாக வராது. அவர்கள் ஒரு நாள் அந்த வட்டை விடுவித்து, எக்ஸ்எஃப்எஸ் நிர்வாகக் கருவியைக் கொண்டு பிக்டைமைத் தாங்களே இயக்கிக்கொள்ள வேண்டும்.